லட்டோடு விழுங்கிய மாத்திரை

என்னைப் பார்க்க வந்தவர்களில் யாரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கவில்லை. "பன்னி துன்னியா?" என்றுதான் கேட்டார்கள். சிலர் கையில் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள், சிலர் பழம்கூட இல்லாமல் வந்து கேட்டார்கள். குவைத்தில் டிரைவராக இருக்கும் என் கணவர், போனில் ஒரு பாட்டம் அழுது முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையேதான் கேட்டார். தலைக்குள் நாடாப்புழு என்றால் பன்றிக்கறி தின்றவளாகத்தான் இருக்க வேண்டும் என்று இவர்களுக்கெல்லாம் யார் பாடம் நடத்தினார்களோ தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்வி. மறுபாதி என் மாமியார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில். வீட்டில் நான், அத்தை, என் மகள் தேவி மூன்று பேர்தான். ஊரில் இருக்கிற தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவிக்கு அப்போதுதான் நடை நன்றாக வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குத் தலைக்கு ஊற்ற வெந்நீர் மொண்டுகொண்டிருந்தேன். இடது கை தன்பாட்டுக்குத் துடித்தது. இதென்னடா என்று அந்தக் கையைப் பார்த்தது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். மீதியை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு விழுந்தேனாம். செம்பிலிருந்த வெந்நீர் தேவியின் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியதாம்.

கண் விழித்தபோது என் கையில் பீரோ சாவிக்கொத்து இருந்தது, மடியில் அரிவாள் இருந்தது, முன்பல் ஒன்று பாதி இல்லை. நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் கரண்டியை வாயில் திணித்திருக்கிறார். நோய் போய்விட்டது, பல் இன்னும் உடைந்தே இருக்கிறது. இதைப் படிப்பவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றிலும் இருக்கும் பொருள்களை நகர்த்துங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவி, கரண்டி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும்.

அன்றைக்குத் தேவியைத் தன் இடுப்பில் ஏற்றிய அத்தை அப்புறம் இறக்கவே இல்லை. மறுநாள் நான் கை நீட்டியபோது ஒரு அடி பின்னால் போனார்.

"வோணாம் கௌரி. இன்னொரு தபா வந்துச்சின்னா புள்ள இன்னாவும்?"

கோபம் வந்தது. ஆனால் சித்தூரில் காட்டிய டாக்டரும் அதையேதான் சொன்னார். அடுப்பு, கிணறு, மாடிப்படி எதற்கும் தனியாகப் போகக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, வலிப்பு இல்லாமல் நல்ல இடைவெளி போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். டாக்டரே சொன்ன பிறகு நான் யாரோடு சண்டை போடுவது? எனக்குத் தலையில் இருந்த பூச்சியைவிட அந்த 'பிறகு பார்க்கலாம்'தான் பெரிய வியாதியாக இருந்தது.

சித்தூரிலேயே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்க வேண்டும், அவ்வளவுதான், வலியில்லை. வலி பில் கட்டும் இடத்தில் இருந்தது. படத்தில் வெள்ளையாக இரண்டு குட்டி வளையங்கள். காசநோய்க் கட்டியாக இருக்கும், இல்லையென்றால் பூச்சியாக இருக்கும், திருப்பதியில் நரம்பு டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் முன் அத்தை காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார். அது போதாதென்று, நான் குணமானால் என் முடியைத் திருமலைக்குத் தருவதாகவும் பஸ்ஸிலேயே நேர்ந்துகொண்டார். என் தலை, என் முடி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே காத்திருப்பதே ஒரு உத்தியோகம். சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, காட்டிய சீட்டில் முத்திரை இல்லை என்று மறுபடியும் முதல் வரிசை. காசநோயா என்று பார்க்கக் கையில் தோலுக்கடியில் ஊசி போட்டு, தடிக்கிறதா பார்க்க இரண்டு நாள் கழித்து வா என்றார்கள். போனால் அன்று அந்த டாக்டர் லீவு. தடிப்பு இல்லை என்பது எனக்கே தெரிந்தது, ஆனால் அதை அவர்கள் பார்த்து எழுதினால்தான் செல்லுமாம். மார்பு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. கடைசியில் நரம்பு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கே காட்டினார். ஒரு வளையத்துக்குள் ஊசிமுனை போல ஒரு புள்ளி இருந்தது. அதுதான் பூச்சியின் தலை என்றார்.

அந்த அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, தமிழும் தட்டுத்தடுமாறி வரும். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். யாரோ ஒருவர் வயிற்றில் நாடாப்புழு இருக்கும். அவர் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியே வரும். கழுவாத கை, கெட்ட தண்ணீர், பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லி, எது வழியாகவோ அந்த முட்டை நம் வயிற்றுக்குள் போகும். அங்கே பொரிந்து, ரத்தத்தோடு ஏறி, மூளையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பை போலக் குடியிருக்கும். பன்றியைக் கண்ணால் பார்க்காதவருக்கும் வரும். வேகாத பன்றிக்கறி தின்றவருக்கு வயிற்றில் புழு வளரும், அது வேறு கதை. நான் இதை மூச்சுப் பிடித்துக் கேட்டு, வெளியே வந்து அத்தைக்கு ஒரு முறை, பூத் போனில் கணவருக்கு ஒரு முறை, ஊரில் பத்து வீட்டுக்குப் பத்து முறை சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பன்னி துன்னலையா?" என்றார்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது புழு இருக்கிறதா பார்க்க வேண்டும், எல்லோருடைய மலத்தையும் டப்பாவில் கொண்டு வாருங்கள் என்றதும் அத்தை கொதித்துவிட்டார்.

"எங்க வூட்ல கோழியே சாமிக்குக் காட்டிட்டுத்தான் அறுப்போம். எங்கிட்ட வந்து டப்பா கேக்கறாங்களே!"

பிறகு கொண்டுதான் வந்தார், மூன்று பைக்குள் சுற்றி, மடியில் கட்டிய நகை போலப் பத்திரமாக. யாருக்கும் எதுவும் இல்லை. பூச்சி எங்கிருந்து எனக்குள் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

மருந்து ஆரம்பிக்கும் முன் கண்ணில் சொட்டு விட்டுப் பரிசோதித்தார்கள். கண்ணுக்குள்ளும் பூச்சி இருந்தால், அது மருந்தில் சாகும்போது பார்வையே போய்விடலாமாம். கண்ணில் எதுவும் இல்லை. பிறகு டாக்டரம்மா விளக்கினார். இந்த மருந்து பூச்சியைக் கொல்லும். பூச்சி சாகும்போது அதைச் சுற்றி மூளை வீங்கும், தலை வலிக்கலாம், வாந்தி வரலாம், ஒருவேளை வலிப்பும் வரலாம். அதனால் வீக்கத்தை அடக்க முதலில் ஸ்டீராய்டு, கூடவே வலிப்பு மாத்திரை, அப்புறம்தான் பூச்சி மாத்திரை. ஆரம்பத்தில் சில நாள் வார்டில் இருந்து, தைரியம் வந்த பிறகு வீட்டில் தொடரலாம். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று அத்தை கேட்டதற்கு, "போஜனம் தர்வாத்த", அதாவது சாப்பாட்டுக்குப் பிறகு, என்று நர்ஸ் சொன்னார். பத்தியம் உண்டா என்று அத்தை மறுபடி கேட்டார். பத்தியம் கித்தியம் எதுவும் இல்லை என்று நர்ஸ் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது. அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இம்மாம் பெரிய மாத்திர குடுக்கறாங்க, பத்தியம் இல்லன்றாங்க. நம்பறியா நீ? சளி மருந்துக்கே பத்தியம் உண்டு. மூளைக்குப் போற மருந்துக்கு இல்லாம பூடுமா? இவங்களுக்குச் சொல்லத் தெரியல. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். திருச்சானூரில் ஒரு அறை எடுத்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்து, தேவியை இடுப்பிலும் தூக்குச் சட்டியைக் கையிலுமாக ஷேர் ஆட்டோவில் தினமும் வந்தார். சட்டியில் குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். எண்ணெய் இல்லை, நெய் இல்லை, பால் இல்லை, தேங்காய் இல்லை. எங்கள் பக்கத்தில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி இல்லாமல் விடியாது, அதையும் நிறுத்திவிட்டார். ஸ்டீராய்டு போட்டால் கொலைப்பசி எடுக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சுவரைப் பார்த்தால்கூட வறுவல் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் சந்திரகிரிக்காரப் பெண் ஒருத்தி. அவளைப் பார்க்க வந்தவர்கள் மலையிலிருந்து பிரசாத லட்டு கொண்டுவந்து எனக்கும் பாதி கொடுத்தார்கள். நெய் காகிதத்தில் ஊறியிருந்தது. வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அத்தை பறித்துக்கொண்டார்.

"கண்ணுல ஒத்திக்கினு குடுத்துடு. சாமி கோச்சிக்காது."

கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தேன். திருப்பதியில் படுத்துக்கொண்டு லட்டு தின்னாத ஒரே ஜன்மம் நானாகத்தான் இருந்திருப்பேன்.

வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். தேவியை வாசலில் பூக்காரியிடம் உட்கார வைத்துவிட்டு அத்தை உள்ளே வருவார். நான் மாடி ஜன்னலிலிருந்து கையாட்டுவேன். முதலில் அவளும் கையாட்டினாள். கொஞ்ச நாள் போனதும் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. குவைத்தில் ஒரு அப்பா, ஜன்னலில் ஒரு அம்மா, இடுப்பில் தூக்கி வைத்திருப்பது, அவள் ஆயா என்று கூப்பிடும் அத்தை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் ஒன்று, டாக்டரம்மா பயமுறுத்திய தலைவலி வரவே இல்லை. வாந்தி இல்லை, ஒன்றும் இல்லை. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. வார்டு முழுக்க, "பத்தியம் இருந்ததால ஒரு வலிகூட வர்ல பாருங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வெள்ளிக்கிழமை போனில் கணவரும் அதையே சொன்னார். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, வர முடியவில்லை, அதனால் அங்கிருந்தே அறிவுரை அனுப்பிக்கொண்டிருந்தார்.

"கௌரி, அம்மா சொல்றா மாதிரி கேளு. பத்தியம் கரெக்டா இரு. எண்ணையத் தொடாத."

"நீங்க அங்க கபாப் துன்னுக்கினு எனக்குப் பத்தியம் சொல்றீங்களா?" என்று ரிசீவரை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அதே சாப்பாடு, அதே மாத்திரை. மருந்து முழுவதும் முடிந்தது. எனக்கும் நம்பிக்கை வந்திருந்தது, தேவியை எப்போது என்னிடம் தருவீர்கள் என்று அத்தையை அரிக்க ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் பள்ளியில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, இடது கை மறுபடியும் துடித்தது. பிள்ளைகள் முன்னால் விழுந்தேன்.

மறுபடியும் திருப்பதி, மறுபடியும் வரிசை, மறுபடியும் ஸ்கேன். இரண்டு வளையமும் அப்படியே இருந்தன. ஒன்றும் குறையவில்லை. டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரையை விட்டுவிட்டாயா என்று கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்று அத்தை காலி அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"மாத்ர வேசுக்கொனேடப்புடு ஏம் தின்டாவம்மா?"

மாத்திரை போடும்போது என்ன சாப்பிடுகிறாய் என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பெருமையாகச் சொல்லிவிட்டார்.

"ரசஞ்சோறும்மா. பொட்டு எண்ண கெடையாது. நெய்யி, பாலு ஒண்ணும் கண்ணுல காட்டல. சுத்த பத்தியம்."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்தியமா? எவரு செப்பாரு மீக்கு?"

யார் சொன்னது என்றால், யாரும் சொல்லவில்லை. அதுதானே பிரச்சினை. பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை வெறும் சோற்றோடு போனால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல் வயிற்றோடு போய்விடும். நெய், எண்ணெய், பால், முட்டை என்று கொழுப்போடு போனால்தான் நன்றாக உள்ளே ஏறும், மூளை வரைக்கும் போகும். எல்லோருக்கும் முதல் தடவையிலேயே பூச்சி சாவதும் இல்லை, அதனால் இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இது பெரிய காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு என்று மட்டும் சொல்லிவிட்டோம், என்ன சாப்பாடு என்று நாங்களும் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தனை நாள் பசி, அத்தனை நாள் ஜன்னல். அத்தையின் பக்கம் திரும்பினேன். திட்டத்தான் திரும்பினேன். அவர் காலி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் கையைச் சரியாகப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற அளவுக்கு இளைத்திருந்தது.

"நீங்க இன்னா துன்னீங்க அத்த, இத்தினி நாளா?" என்றேன்.

"அதேதான்," என்றார். "உனக்கு இல்லாதது எனக்கு எப்டி எறங்கும்?"

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டன. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. மனிதர்களைத் திட்டக்கூட விடாமல் செய்துவிடுகிறார்கள்.

இரண்டாம் முறை மருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை அத்தை போனது எதிர்த் திசையில். சோற்றில் நெய் மிதந்தது. முட்டை எண்ணெயில் நீந்தியது. வேர்க்கடலைச் சட்னி கிண்ணம் கிண்ணமாக வந்தது. மலைக்குப் போய்வந்த யார் யாரிடமோ கேட்டு லட்டு வாங்கி வந்து, ஒரு கையில் மாத்திரையும் மறுகையில் லட்டுமாகக் கட்டிலருகே நிற்பார். நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் நகருவார். எனக்கு லட்டே வெறுத்துப்போனது. இப்போதும் யாராவது பிரசாதம் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறேன்.

சில நாளில் தலைவலி வந்தது. சும்மா வலியில்லை, நெற்றிக்குப் பின்னால் யாரோ கல் உடைப்பது போல. தலையைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

"வலிக்குதா? நெசமாவே வலிக்குதா?"

"உயிர் போவுது அத்த."

"நர்சம்மா! வலிக்குதாம்!" என்று கல்யாணச் சேதி சொல்வது போல வராந்தாவில் ஓடினார். டாக்டரம்மா வந்து பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டினார். வலி மெல்ல அடங்கியது. என் முகம் மட்டும் பூசணிக்காயாக ஊதிப்போனது. ஊருக்குப் போனபோது, "குவைத் காசு உடம்புல ஒட்டிக்கிச்சு" என்றார்கள். பன்றிக் கேள்விக்கு இது தேவலை.

அடுத்த ஸ்கேனில் ஒரு வளையத்தைக் காணவில்லை. இன்னொன்று சுண்ணாம்புப் பொட்டு மாதிரி சுருங்கியிருந்தது. அது செத்த பூச்சியின் வடு, அப்படியே கிடக்கும், வலிப்பு மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே என்றார் டாக்டரம்மா. வலிப்பு இல்லாமல் நல்ல இடைவெளி போன பிறகு, குழந்தையைத் தூக்கலாம் என்றும் சொன்னார். அத்தைக்கு நன்றாகக் கேட்கும்படி, தமிழிலேயே சொல்லச் சொன்னேன். சொன்னார். அத்தையும் தலையாட்டினார்.

ஆனாலும் தரவில்லை. "தூக்கலாம்னுதான சொன்னாங்க, தூக்கியே ஆவணும்னு சொல்லலையே" என்று ஒரு நியாயம். அதைவிடக் கொடுமை, தேவியே என்னிடம் வரமாட்டேன் என்றாள். கை நீட்டினால் அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். யாரிடம் போய் இதற்கு ஸ்கேன் எடுப்பது?

கடைசியில் வேண்டுதல் தீர்க்க மூன்று பேரும் மலைக்குப் போனோம். வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பூச்சியும் என் தலையில், மருந்தும் என் தலையில், இப்போது மொட்டையும் என் தலையிலா என்று இருந்தது. முடி எடுக்கும் இடத்தில் வரிசையில் நின்று, எங்கள் முறை வந்ததும் நான் பின்னலை அவிழ்த்தேன். அத்தை தேவியின் விரலை என் கையில் கொடுத்துவிட்டு, தானே போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

"அத்த, என் முடின்னுதான நேர்ந்துக்கினீங்க?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உன் தல பட்டது போதும். சாமிக்கு முடிதான வோணும். யார்துன்னா இன்னா?"

நரையும் கறுப்புமாக முடி கீழே விழுந்தது. தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு, கண்ணில் வழிந்ததைத் துடைத்தபடி அத்தை எங்களிடம் வந்து, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார்.

"வாடி கண்ணு, ஆயாகிட்ட வா."

தேவி அந்தத் தலையைப் பார்த்தாள். ஒரு நொடி மூச்சே விடவில்லை. பிறகு வீறிட்டு அலறி, திரும்பி, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தூக்கு தூக்கு என்று என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பழக்க தோஷம், நான் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னிய இன்னா பாத்துக்கினு நிக்கிற? புள்ள அழுவுதில்ல? தூக்கு."

தூக்கினேன். நான் கடைசியாகத் தூக்கியதைவிட நன்றாகக் கனத்திருந்தாள். கை வலித்தது, அத்தை வழியெல்லாம் கேட்டுப் பார்த்தார். மலை இறங்கி வீட்டு வாசல் வரும்வரை நான் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.